பித்தளை உறையில் ஒரு கோடு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, குளிர்காலக் காலையொன்றில், தில்லியின் எல்லையோரச் சுடுதளத்தில் நடந்தது இது. என்.சி.சி. துப்பாக்கி சுடும் அணியில் ஓரிடமே மீதமிருந்தது. அதற்குப் போட்டியிட்டவர்கள் இருவர்: நானும், முனிர்காவில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட மதுரைத் தோழியும்.

அவள் சுட்டுக்கொண்டிருந்தாள். அடுத்துச் சுடவேண்டியவள் என்பதால், தெறித்து விழும் காலித் தோட்டா உறைகளை நான் தொப்பியில் சேகரித்தேன். அவற்றைக் ‘கோக்கா’ என்போம்; ஒன்று குறைந்தாலும் தளத்தைவிட்டு ஒருவரும் நகர முடியாது. அவளுக்குக் குறி தவறவேயில்லை.

முதல் உறையின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம். அடுத்ததில், அதே இடத்தில் கரிய கீறல். வகுப்பில் கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. எங்கள் பழைய த்ரீ-நாட்-த்ரீ துப்பாக்கியின் தோட்டா, தன் அடிவிளிம்பைக் குழலின் பின்வாயில் ஊன்றித்தான் நிற்கும். அந்த விளிம்புக்கும், பின்னிருந்து தாங்கும் போல்ட் என்ற அடைப்புத் தண்டுக்கும் நடுவே மயிரிழை இடமே இருக்கலாம். ஹெட்ஸ்பேஸ் எனும் அந்த இடைவெளி கூடினால், வெடிக்கும்போது உறை நீண்டு அறுந்துவிடும். நெருப்பு சுடுபவரின் கண்ணை நோக்கியே திரும்பும்.

அவள் மீண்டும் போல்ட்டைத் தள்ளினாள். நான் நிறுத்தினால் பொறாமை என்பார்கள். அந்தக் கீறல் வெறும் கரியாகவும் இருக்கலாம்.

“ருக்கோ!” நிறுத்து என்று இந்தியில் கத்திவிட்டேன்.

தளம் முழுவதும் அடங்கியது.

“என்னடி, தோத்துருவோம்னு பயமா?” என்றாள் தோழி.

“முதல்ல துப்பாக்கிய கீழ வை. அப்புறம் திட்டு.”

எங்களுக்குப் பயிற்சி தரும் வேலூர்க்கார ஹவில்தார் விரைந்து வந்தார். “யாரும்மா நிறுத்தச் சொன்னது?”

தொப்பியை நீட்டினேன். உறையை வெயிலில் திருப்பிப் பார்த்தவர், துப்பாக்கியின் உள்ளிருந்த தோட்டாவை வெளியே எடுத்தார். பிறகு போல்ட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தார். துப்பாக்கியின் எண் வேறாக இருந்தது. சுத்தம் செய்கையில் எல்லா போல்ட்டுகளையும் ஒரே விரிப்பில் பரப்பியதில், வேறொரு துப்பாக்கிக்கு அளந்து பொருத்திய போல்ட் இதில் ஏறியிருக்கிறது.

தோழி அந்தக் கீறலை நகத்தால் தடவினாள். “அடுத்த வாட்டி சுடறப்ப உன்ன விடமாட்டேன், பாத்துக்க,” என்றாள்.

சொன்னபடியே, மறு தேர்வில் அவள்தான் அணிக்குள் நுழைந்தாள்.

சான்றுகளை அடுக்கிய பின்னரே முடிவை முழங்க விவாத மேடையில் பயின்றவள் நான். அதனால் பெற்ற கோப்பைகளும் உண்டு. அன்று முடிவை முதலில் சொன்னேன், சான்று பின்னால் வந்தது. அது வராமலே போயிருந்தாலும் அந்த ஒரு சொல்லை நான் சொல்லியே இருக்க வேண்டும் என்பதை, ஒவ்வொரு முறை மேடையேறும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.