ஆறடிக் கம்பிக்கு ஒரு வண்டி

ஞாயிற்றுக்கிழமை மதியப் பாத்திரங்களைத் துலக்குவது மீட்டர் சாருடைய வேலை. கல்யாணமான புதிதில் அவராகவே ஏற்றுக்கொண்டது. இருபத்துமூன்று வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கரண்டியை எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம், காம்பு, காம்பின் நுனியில் இருக்கும் துளை என்று தேய்ப்பார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மனம் ஒப்பவில்லை என்றால் மறுபடி சோப்பு.

மூன்று மணிக்குக் கார் ஷோரூமுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மணி இரண்டே முக்கால். அவர் மனைவி செருப்பு மாட்டி, கைப்பை மாட்டி, ஆறடி அலுமினியக் கம்பி ஒன்றைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"மீதியை நான் வந்து பார்த்துக்கறேன், வாங்க."

"இன்னும் ரெண்டு டம்ளர்தான்."

"அந்த ரெண்டு டம்ளரைத்தான் பத்து நிமிஷமா கழுவிட்டிருக்கீங்க."

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, அவசரப்படுத்தாதே. அப்பா டம்ளரோட மைலேஜ் பார்த்துட்டிருக்கார்."

மீட்டர் சாரின் மனைவிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாசல் கதவில் ஒட்டியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார். கர்ட்டன் அக்கா என்றால் நாலு தெரு தள்ளிக்கூடக் கை காட்டுவார்கள். கணவருக்குத் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் பிரிவு. அதனால் அவர் மீட்டர் சார்.

மகளுக்கு ஒரு வயதாக இருந்தபோது படுக்கையறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு அக்கா தொழிலைத் தொடங்கினாள். முதல் வேலை எதிர்வீட்டுப் பல் டாக்டர் கொடுத்தது. ஜன்னலை நடுவில் மட்டும் அளந்து, தைத்துக் கொண்டுபோய் மாட்டினால், ஒரு பக்கம் முக்கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. "பரவாயில்லம்மா, காத்து வரும்" என்றார் அந்த நல்ல மனிதர். அந்தப் பரவாயில்லை அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அதன்பிறகு எந்த ஜன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்காமல் கத்திரியைத் தொட்டதில்லை. குளிக்கும்போது மட்டும்தான் டேப் கழுத்தைவிட்டு இறங்கும்.

கர்ட்டன் மட்டும் தைத்த வரைக்கும் பஸ் போதுமாக இருந்தது. மடித்துப் பையில் திணித்தால் ஆயிற்று. இப்போது எல்லோரும் கேட்பது சுருள் திரை. கயிற்றை இழுத்தால் மேலே சுருண்டுகொள்ளும் வகை. துணி கம்பியோடு சேர்த்துச் சுற்றியே வரும். வளையக் கூடாது, நனையக் கூடாது. பெரிய அளவு ஆறடி. போன வருடம் ஒரு பஸ்ஸின் கதவு இரண்டு திரைகளை ஒரே நெருக்கில் வில்லாக்கிவிட்டது. வாடகை வண்டிக்காரர்களோ இறக்கிவிட்ட மறுநிமிடம் கிளம்பிவிடுவார்கள். திரையை மாட்டிவிட்டு, ஏணியும் துளை போடும் மெஷினுமாக அவள் தெருவில் நிற்பாள். வலது கையைத் தூக்கித் தலைவார முடியாத அளவுக்குத் தோள் பிடித்துக்கொண்டபோதுதான் சொந்த வண்டி என்று முடிவாயிற்று. நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்று, இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினாள். வண்டி அவள் பேரில், அவள் தொழிலுக்கு. அதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்தக் கொடுத்த இடம் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. சின்ன வண்டிதான் நுழையும். அதையும் அக்காதான் அளந்தாள்.

எந்தச் சின்ன வண்டி என்பதில்தான் ஏழு மாதம் போனது.

அவளுக்கு ஏழு நாள்கூடத் தேவைப்படவில்லை. கம்பியோடு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினாள். பின்கதவைத் திறக்கச் சொல்வாள், பின்சீட்டை மடிக்கச் சொல்வாள், கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். மீட்டர் சார் தெரியாதவர் மாதிரி நாலு அடி தள்ளி நின்று விளம்பரத் தாளைப் படிப்பார். சிவப்பு வண்டி ஒன்றில் மடித்த சீட்டு படிக்கட்டு மாதிரி எழும்பி நின்றது. கம்பி அதில் ஏறி முன்கண்ணாடியை முட்டியது. சாம்பல் நிற வண்டியில் சீட்டு பாய் விரித்த மாதிரிப் படுத்தது. கம்பி முன்சீட்டுகளுக்கு நடுவே புகுந்து கியருக்கு ஒரு சாண் பின்னாலேயே நின்றுவிட்டது.

"இதுதான்" என்றாள்.

மீட்டர் சார் நோட்டைத் திறந்தார். மைலேஜ், டயர் அகலம், சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், ஹாரன் சத்தம் என்று முப்பத்தொரு வரிகள். சிவப்பு வண்டி லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். அந்த ஒன்றரை கிலோமீட்டரை அவரால் தாண்ட முடியவில்லை. போதாததற்கு அவர் தம்பி வாராவாரம் போன் செய்து ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். "அண்ணா, சாம்பல் வண்டியில கதவைச் சாத்தினா டப்பா சத்தம் வருதாமே?" அடுத்த ஞாயிறு மீட்டர் சார் ஷோரூமில் காதைச் சாய்த்துக்கொண்டு ஒரே கதவை முப்பது தடவை சாத்தினார்.

"நீங்க பார்க்கறது வண்டியா, மருமகனா?" என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"விளையாடாதே. வண்டியைப் பதினஞ்சு வருஷம் வச்சுக்கணும்."

"அப்ப மருமகனை?" என்றாள் மகள்.

இப்படியே இழுத்திருக்கும். ஆனால் போன வியாழக்கிழமை, அக்கா முன்பு ஒரு தடவை திரை மாட்டிக் கொடுத்த குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று இடத்தில் கிளைகள், மொத்தம் தொண்ணூற்றாறு ஜன்னல். அக்கா இதுவரை ஒரே இடத்தில் செய்த பெரிய வேலை பதினெட்டு ஜன்னல். அங்கிருந்த மேனேஜரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க வேலை சுத்தம், எனக்குத் தெரியும். ஆனா போன தடவை பஸ் வரலைன்னு ரெண்டு மணி நேரம் எங்களைக் காக்க வச்சீங்க. திங்கக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வண்டி புக் பண்ணின ரசீதோட வாங்க, வேலை உங்களுக்கு. இல்லன்னா வேற கம்பெனி காத்திட்டிருக்கு, என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அதனால்தான் இந்த ஞாயிறு. அதனால்தான் அந்த இரண்டு டம்ளர் அவளை அப்படி எரிச்சல்படுத்தியது.

ஷோரூமில் டை கட்டிய வழுக்கைத்தலை விற்பனையாளர் தூரத்திலேயே கம்பியைப் பார்த்து எழுந்துவிட்டார். "வாங்கக்கா. கம்பியும் வந்திருக்கா, சந்தோஷம்."

"இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடறோம்" என்றாள் அக்கா.

"அதுக்கு முன்னால ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடறேன்" என்றார் மீட்டர் சார்.

"இது ஆறாவது ரவுண்டு சார். நீங்க ஏறினா வண்டி தானாவே திரும்பும்."

ஆறாவது ரவுண்டும் ஆயிற்று. இறங்கும்போது மீட்டர் சார் புருவத்தைச் சுருக்கியிருந்தார். "ரெண்டாவது கியர்ல லேசா ஒரு இது இருக்கு."

"எது?"

"சொல்லத் தெரியலை. ஒரு இது."

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படிவத்தை வாங்கினாள். விற்பனையாளர் கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதினார். "ஓட்டப்போறது சார்தானே?"

"இல்ல, நான்."

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்படியா? நான் சார்னே நினைச்சிட்டிருந்தேன். அப்ப ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கக்கா, சீட்டைச் சரி பண்ணித் தரேன்."

ஏழு மாதத்தில் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டியின் பின்கதவுப் பக்கமே அவள் பக்கமாக இருந்தது. ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் கணவர் முன்னால், அவள் கம்பியோடு பின்னால்.

உட்கார்ந்தாள். கிளச் கால்விரல் நுனிக்குத்தான் எட்டியது. சீட்டை முழுக்க முன்னால் தள்ளினார்கள், கால் எட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஸ்டீயரிங்கின் வளையம். அதற்கு மேலே ஷோரூமின் கூரை, ஒரு விளக்கு. வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கழுத்தை நீட்டினால் எதிரே நின்ற விற்பனையாளரின் வழுக்கை மட்டும் தெரிந்தது.

"சீட்டை மேலே தூக்குங்க."

"இந்த மாடல்ல அந்த வசதி இல்லக்கா. மேல் மாடல்ல உண்டு. ஆனா கைக்கு வர மூணு மாசம்."

"சிவப்பு வண்டியில அது இருந்துச்சு" என்றார் மீட்டர் சார் மெதுவாக. "பக்கத்துல ஒரு கைப்பிடி. நான்தான் குறிச்சுக்கலை. எனக்குத் தேவைப்படலையே."

அவர் ஐந்தடி பத்து அங்குலம். அவள் நாலடி பத்து அங்குலம். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் சீட்டில் தடித்த மெத்தை ஒன்று எப்போதும் கிடந்தது. எல்லோருக்கும் போட்டதென்று நினைத்து ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். கம்பியை அளந்தாள், தூணை அளந்தாள், பின்சீட்டை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தாள். கணவர் மேல் வரவேண்டிய கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது.

"நிறைய பேர் மெத்தை போட்டு ஓட்டறாங்கக்கா" என்றார் விற்பனையாளர்.

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டேப்பை உருவி, சீட்டின் அகலத்தை மூன்று இடத்தில் எடுத்தாள். "கெட்டி ஸ்பாஞ்சு மூணு அங்குலம். அடியில வழுக்காத துணி. சீட்டோட இறுக்கிக் கட்ட நாலு நாடா. ஒரு மணி நேர வேலை. படிவத்தைக் கொடுங்க."

"இரு, இரு" என்றார் மீட்டர் சார். "மெத்தை மேல உட்கார்ந்து ஓட்டணும்னு நமக்கென்ன தலையெழுத்தா? பிரேக் போட்டா வழுக்கும். எதையும் முழுசா யோசிக்கணும். நான் இதுவரைக்கும் பார்க்காத மூணாவது வண்டி ஒண்ணு இருக்கு." படிவத்தைப் பக்குவமாக மூடி, பேனாவை விற்பனையாளரிடம் நீட்டினார். "நாளைக்குச் சொல்றோம்."

"நாளைக்கு எங்களுக்கு லீவு சார். இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் நான் இருப்பேன்." அதை அவர் சாரைப் பார்த்துச் சொல்லவில்லை.

பஸ்ஸில் இருவருக்கும் நடுவே கம்பி செங்குத்தாக நின்றது. மூன்றாவது வண்டியின் டயரைப் பற்றி மீட்டர் சார் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும் இடம் வந்ததும் அக்கா கம்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு, பரணிலிருந்து ஸ்பாஞ்சை இறக்கி, கூடத்துத் தரையில் போட்டு வெட்ட ஆரம்பித்தாள். மீட்டர் சார் அதே கூடத்தில் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்தார். மகள் இரண்டு பேருக்கும் டீ வைத்துவிட்டு, பெரியவர்கள் சமாச்சாரம் என்ற முகத்தோடு உள்ளே போய்விட்டாள்.

"இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?" என்றார் அவர்.

"உட்காரப்போறேன்."

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வாழ்க்கையில ஒரே ஒரு பொருளை யோசிக்காம வாங்கினேன். உன் முதல் மெஷின். மூணாவது நாளே மோட்டார் போயிடுச்சு, ஞாபகம் இருக்கா?"

"மோட்டார் போனா என்ன, காலால மிதிச்சேன். பதினோரு வருஷம் ஓடுச்சு."

மீட்டர் சார் பேனாவை எடுத்தார். ஸ்கேலை வைத்து நோட்டில் ஒரு கோடு போட்டார். முப்பத்திரண்டாவது வரி. 'ஓட்டுபவர் உயரம்' என்று அழகாக எழுதினார். தான் விட்டது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அக்கா உறையைத் தைத்து, ஸ்பாஞ்சை உள்ளே தள்ளி, வாயை மூடித் தைத்தாள். நாலு மூலையிலும் நாடா. ஒவ்வொன்றையும் காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. நாற்காலியில் மெத்தையைக் கட்டி ஏறி உட்கார்ந்தாள். மேஜைக்கு அந்தப்பக்கம் கணவரின் நோட்டு தலைகீழாகத் தெரிந்தது; அந்தப் புது வரியையும் அவளால் படிக்க முடிந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பது. ஷோரூமுக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்.

நாடாக்களை அவிழ்த்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். கைப்பையைத் திறந்து லைசென்ஸும் காசோலைப் புத்தகமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"சரி, உன் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார் மீட்டர் சார், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு. "செருப்பில்லாம சொல்லு. நாலடி பத்தா, பத்தரையா?"

அக்கா மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வாசலில் ஒரு காலில் நின்று செருப்பை மாட்டினாள். கம்பி சுவரில் சாத்தியபடியே இருந்தது. இந்தத் தடவை அது தேவைப்படவில்லை.

"அரை அங்குலம்னாலும் முக்கியம்" என்றார் அவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.