யாரும் வெட்டச் சொல்லாத காட்சி

அமெரிக்காவில், சன்னிவேல் ஊரில், நான் இயக்கும் எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்துக்காகப் பள்ளிக்கூட அரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். விண்ணப்பத்தில் மூன்று பக்கம் கேள்வி. மெழுகுவத்தி ஏற்றுவீர்களா, சமோசா எங்கிருந்து வரும், எத்தனை கார் நிற்கும். மேடையில் என்ன பேசுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. திருச்சியில் கல்லூரி நாடகத்துக்குப் பிரதியோடு காவல் நிலையத்தில் அரைநாள் நின்றவன் நான். "கவர்ன்மென்ட்டப் பத்தி ஒண்ணும் இல்லியே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ராஜா கதை சார்" என்றதும், புரட்டிக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

இங்கேயும் ராஜா கதைதான். பள்ளியில் எல்லோரும் படித்த பழைய நாடகம். சிறையில் கிடக்கும் மகனுக்காக ஒரு தாய் அரசவையில் நின்று ராஜாவைக் கேள்வி கேட்பாள். அந்த வேடம் செல்விக்கு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, இரண்டு பிள்ளைகள். ஃப்ரீவேயில் கார் ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்த வசனத்தை மனப்பாடம் பண்ணியிருந்தாள்.

கமிட்டி கூடியது. தலைவர் பாலாஜி ஆரம்பித்தார். "வீடியோ யூட்யூப்ல போகும். பாதிப் பேருக்கு கிரீன் கார்டு பெண்டிங். இந்த ஊர் கவர்ன்மென்ட்டத்தான் சொல்றோம்னு எவனாவது எடுத்துக்கிட்டா? எதுக்கு வம்பு? அந்த ஸீன கட் பண்ணிடுங்க."

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் பெண்டிங்தான். வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை நானே அழித்தேன். போனில் சொல்லத் தைரியம் வராமல் செல்விக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். "ஓகே அண்ணா" என்று மட்டும் பதில் வந்தது.

விளக்குப் பொறுப்பு மாரெக்குடையது. என் அலுவலகத்தில் மூத்த எஞ்சினியர். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றில் வாலிபத்தில் நடிகராக இருந்தவர். கதையைக் காட்சி காட்சியாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் வெட்டிய காட்சி இருந்த பக்கத்தைத் திரும்ப வாங்கினேன்.

"எந்த அதிகாரி வெட்டச் சொன்னார்?" என்று கேட்டார்.

"அதிகாரி யாரும் இல்லை."

அவருக்குப் புரியவில்லை. "கடிதம் வந்ததா?" என்றார். அதுவும் இல்லை என்றேன்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவர்களுடையதும் பழைய நாடகம்தான். பள்ளியில் கட்டாயப் பாடம் என்பதால் அரசாங்கத்தால் ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியவில்லை. ஆனால் கொடுங்கோல் மன்னனைத் திட்டும் வரிகளுக்கு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் ஓர் அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து எங்கெங்கே தட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். அந்த வரிகளை முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாகச் சொல்லும்படி நடிகர்களுக்கு உத்தரவு வந்தது. அப்படியும் தட்டினார்கள். நாலாம் நாள் அரங்கையே பூட்டிவிட்டார்கள்.

"எங்களை ஒருத்தன் தடுத்தான். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாடக நாள். கடைசிக் காட்சியில் ஊர் ஜனங்களோடு சும்மா நிற்க வேண்டிய செல்வி இரண்டடி முன்னே வந்தாள். "என் மகன் செய்த குற்றம் என்ன, மன்னா?" என்று தொடங்கி முழு வசனத்தையும் பேசினாள். "அய்யய்யோ, என்னங்க இது!" என்று முன்வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலாஜி என் தோளைப் பிடித்தார். அரங்கின் பின்னால் விளக்குகளை இயக்கிக்கொண்டிருந்த மாரெக் வெளிச்சம் முழுவதையும் அவள்மேல் கொண்டுவந்தார்.

அவள் முடித்ததும் அரங்கம் கப்சிப். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னாலிருந்து ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மாரெக் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒவ்வொரு சொல்லும் புரிந்த நான், ஓடிக்கொண்டிருந்த வீடியோ கேமராவைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.