அவருக்கு மட்டும் மங்காத திருவாதிரை

கொரோனா ஊரடங்குக்கு முந்தைய பனிக்காலம் அது. கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். என் கணவருக்கு இரும்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டும் வேலை. எனக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங்.

எங்கள் இருவருக்கும் வானம் பார்க்கும் பைத்தியம் உண்டு. திருவள்ளூரில் மொபைல் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் அதற்கென்றே வாட்ஸ்அப் குழு நடத்தினார். சிவப்பாக எரியும் திருவாதிரை நட்சத்திரம் என்றுமில்லாதபடி மங்கிக்கொண்டு வருகிறது, வெடித்துவிடுமோ என்று உலகமே பேசிய நேரம். பக்கத்தில் இருக்கும் நீலம் கலந்த வெள்ளை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு பிரகாசம் என்று குழுவில் ஒவ்வொருவரும் அண்ணனுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் பைக்கில் எளாவூர் பக்கம் போவோம். லாரி வெளிச்சம் எட்டாத ஒரு வயல் வரப்பில் நின்று பார்ப்போம். எனக்குத் திருவாதிரை வாரத்துக்கு வாரம் மங்கியது. கடைசியில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன. என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“இன்னாம்மே சொல்ற? திருவாதிரை எப்பவும் போல பளிச்சுனுதான் கீது. பக்கத்துல கீறதுதான் டல்லு.”

“ஊரே மங்கிப்போச்சுன்னுது, உங்களுக்கு மட்டும் எரியுதா?” என்று கேலி செய்வேன். திரும்பும் வழியெல்லாம் இதே சண்டை. இறங்கும்போது சிரித்துவிடுவோம்.

ஒருநாள் அந்த அண்ணன் எனக்குப் போன் செய்தார். “தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. செவப்பு நட்சத்திரம் அவருக்கு நல்லாத் தெரியுது, நீலந்தான் மங்குது. எப்ப அனுப்புனாலும் அப்படியேதான் கீது. கண்ணுல புரை இருந்தா மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரி நீலத்தை மறைச்சிடும்னு படிச்சிருக்கேன். ஒரு தபா டாக்டராண்ட காட்டிடு.”

அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“கொஞ்ச நாளாவே கீழ நிக்கிறவன் கை காட்டுறது மங்கலாத்தான் தெரியுது. சொன்னா வேலை பூடுமேன்னு சும்மா இருந்துட்டேன்.”

பழுக்கக் காய்ந்த இரும்பு ஆட்களின் தலைக்கு மேல் போகும் வேலை. அவரைத் திட்டவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாளே சென்னைக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. உலைச் சூட்டில் பல வருஷம் நிற்பவர்களுக்குச் சீக்கிரமே வரலாம் என்றார் டாக்டர். என் கணவர் ஆலையில் உண்மையைச் சொன்னார். பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை; கண் சரியாகும்வரை கீழே வேலை கொடுத்தார்கள். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஊரடங்கு. மற்ற கண் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலைகள் நின்றன. புகையில்லாத வானம். ஒரு சாயங்காலம் இருட்டியதும் மொட்டை மாடியில் அவர் ஒரு கண்ணை மூடி அந்த வெள்ளை நட்சத்திரத்தைப் பார்த்தார், பிறகு மறு கண்ணை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மே, அது நீலமா? இத்தினி நாளா மஞ்சளா இல்ல பார்த்துகினு இருந்தேன்!”

கண்ணில் தண்ணீர் வழிய நின்றார். திருவாதிரை அதற்குள் பழைய பிரகாசத்துக்குத் திரும்பியிருந்தது. உலகமே பார்த்த அந்த மங்கலை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

பிறகு மறு கண்ணும் சரியாகி, மறுபடி கிரேன் ஏறினார். இப்போதும் நாங்கள் எதையாவது வேறு வேறாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர் சொல்வது தப்பு என்று வாயெடுக்கும் முன், அவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.