வால் சீட்டு

எங்கள் பட்டறையில் சித்தப்பாவுக்கு மட்டும் நெருப்போடு வேலை கிடையாது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பர்னர் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் கம்பியை உருக்கி, இரும்புக் குச்சியில் சுற்றி மணி செய்வோம். அவர் பின்னறையில் நின்றபடி கம்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவார். பென்சில் பருமனில் முழ நீளக் கம்பி. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துண்டு டேப், அதில் நிறத்தின் பெயர். பிறகு சுவரோரம் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களில், வால் வெளியே தெரிகிற மாதிரி செருகி வைப்பார். அவருக்குப் பட்டப்பெயரே ‘சீட்டு’தான். சித்திக்குக் கோபம் வந்தால் அவளும் “எங்க போச்சு அந்தச் சீட்டு?” என்றுதான் கேட்பாள்.

வீட்டிலும் மனுஷன் சும்மா இருக்கமாட்டார். உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியிருக்கும். சர்க்கரை டப்பாவில் ‘உப்பு அல்ல’ என்று ஒட்டியிருக்கும். அவர் மகள், என் தங்கச்சி, சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு மணியைக் கொண்டுபோய் சிமெண்டுத் தரையில் வீசியெறிந்து காட்டுவாளாம். “எங்க அப்பா சீட்டு ஒட்டின கண்ணாடி, உடையாது” என்று பெருமை வேறு. நல்லவேளை, ஒன்றும் உடைந்ததில்லை.

சீட்டு ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று வந்த புதிதில் நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு வெள்ளைக் கம்பிகளை என் முன்னால் போட்டார்.

“என்ன வித்தியாசம்?”

“ஒண்ணும் இல்லையே.”

“ரெண்டும் வேற வேற கம்பெனி. தனித்தனியா ரெண்டும் தங்கம். ஒரே மணிக்குள்ள போட்டா குடுமிப்பிடி சண்டை.”

ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், இன்னொன்று கொஞ்சமாகச் சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். இரண்டையும் கலந்து செய்த மணி சூளையிலிருந்து பளபளவென்று நல்லபடியாகத்தான் வரும். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, யாரும் தொடாமல் இருக்கும்போது, தானாகவே ‘டிக்’ என்று பிளக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு கம்பெனிக்கு நீல டேப், இன்னொன்றுக்கு மஞ்சள் டேப். வால் சீட்டு உதிர்ந்த கம்பியைச் சித்தப்பா நம்பவே மாட்டார். அதையும் சீட்டுள்ள கம்பி ஒன்றையும் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, நூல் மாதிரி இழுத்து ஆறவிடுவார். நூல் நேராக நின்றால் ஒரே இனம். வளைந்தால் ஆகாத இனம். பார்த்த பிறகுதான் டேப்பைத் தொடுவார்.

இந்த மழைக்காலத்தில் பின்னறைக் கூரை ஒழுகியது. வெள்ளைத் துண்டுக் கம்பிகள் இருந்த குழாய்களில் தண்ணீர் நின்று, வாலெல்லாம் உரிந்து டேப்புகள் மிதந்தன. அவற்றைத் துடைத்துப் பரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் மகளிடமிருந்து போன். பேரன் முதல் தடவையாகக் குப்புற விழுந்துவிட்டானாம். சத்தம் போட்டுப் பேசியறியாத மனுஷன் ஒவ்வொரு பர்னராகப் போய்ச் சொன்னார். என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு உள்ளே போய், எது நீலம் எது மஞ்சள் என்று தன் ஞாபகத்தை நம்பி மளமளவென்று ஒட்டி முடித்துவிட்டார். நூல் இழுத்துப் பார்க்கவில்லை. இது அன்று எங்களுக்குத் தெரியாது.

துண்டுக் கம்பிகளை நாங்கள் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சித்தி அந்த வெள்ளையில் ஒரு கை அள்ளி, பேரனுக்காக நெல்லிக்காய் பருமனில் ஏழு மணிகள் செய்தாள். உள்ளே வெள்ளை, மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒன்றோடொன்று இடிக்காமல் இடையிடையே முடிச்சுப் போட்டுக் கோத்து மகள் வீட்டுக்கு அனுப்பினாள். தொட்டிலில், குழந்தையின் முகத்துக்கு நேர் மேலே அது தொங்கியது. போட்டோ வந்தபோது சித்தப்பா அதைப் பட்டறை முழுக்கக் காட்டினார்.

போன வாரம் மத்தியானம், பர்னர்களை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ‘டிக்’ என்றது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். மறுபடி ‘டிக்’. சத்தம் என் மணித் தட்டிலிருந்து வந்தது. நான் செய்து அடுக்கிய மணிகளில் இரண்டு, கத்தியால் வெட்டியது போல இரு பாதியாகக் கிடந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதும் பிளந்தது.

“உன் கைராசி அப்படிடி” என்று சித்தி சிரித்தாள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. எந்த வெள்ளை என்று கேட்டார். மீதித் துண்டைக் கொடுத்தேன். வாலில் மஞ்சள் டேப், அவருடைய கையெழுத்து. என் பர்னரை அவரே பற்றவைத்து, ஒரு புது மஞ்சள் டேப் கம்பியோடு அதைச் சேர்த்து உருக்கி இழுத்தார். நூல் ஆற ஆற, மெதுவாக வளைந்தது. அது வளைந்து முடிகிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பர்னரை அணைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

“கெளம்பு” என்றார் என்னிடம்.

“எங்க சித்தப்பா?”

சித்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தொட்டில்ல இதுதான் தொங்குது.”

உடனே தங்கச்சிக்குப் போன் போட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் தங்கச்சி போனை ஊமையாக்கி வைத்துவிடுவாள். பஸ்ஸில்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சந்தோஷத்தில் கை ஓடிவிட்டதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் உள்ள கம்பியையெல்லாம் சந்தேகப்படுகிற மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்தது? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது சம்பந்தியம்மா. தங்கச்சி குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டு அசந்து தூங்கினான். அவனுக்கு மேலே மணிகள் ஃபேன் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைக் குழந்தையின் முகத்துக்கு மேல் கூரையாக விரித்தபடி, மறு கையால் சரத்தை அவிழ்த்தார்.

“எதுக்குச் சம்பந்தி அதைக் கழட்டறீங்க?”

சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சரத்தைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

“நூல் இத்துப் போச்சுங்க. புதுசா கோத்துக் கொண்டு வர்றேன்.”

“அவ வந்துடுவா, உக்காருங்களேன்.”

“பஸ் போயிடும்.”

சம்பந்தி வீட்டில் தலைகுனிய மனசு வரவில்லை, வேறென்ன. நானும் மென்று விழுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வீட்டுக்குப் போனதும் தன் நெற்றியிலேயே ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். அப்போது அவர் மடியில் ‘டிக்’ என்றது.

டப்பாவைத் திறந்தார். பச்சை மணி இரண்டாகக் கிடந்தது. விளிம்பைத் தொட்ட அவர் விரலில் ரத்தம் துளிர்த்தது.

“பாத்தியா, தப்பிச்சோம். நூலிழையில தப்பிச்சோம்” என்றார். கண் கலங்கியிருந்தது. சரத்தை வெளியே எடுத்து ஒவ்வொரு மணியாகத் தடவிக்கொண்டே போனவர் அடியில் நின்றுவிட்டார். கடைசி முடிச்சுக்குக் கீழே நூல் வெறுமனே தொங்கியது. நுனியைக் கத்தரித்திருந்தார்கள்.

“உங்க சித்தி ஏழுதானே கோத்தா?”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஒரு கையில் சரம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னப்பா, வந்துட்டு என்னைப் பாக்காமலே ஓடிட்டீங்க? நூல் மாத்தணும்னு அத்தை சொன்னாங்க. ஒரு மணி இங்கதான் இருக்கு, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல? ஈறு ஊறுது போல, ஒரே அழுகை. அதான் கையில கட்டிவிட்டேன். இப்பதான் முழிச்சான். வாயில வெச்சுக் கடிகடின்னு கடிக்கறான்.”

நான் போனைப் பிடுங்கினேன்.

“அதை வாயிலேருந்து எடுடி! முதல்ல எடு!”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் தங்கச்சி சிரித்தாள்.

“ஏன்க்கா இப்படிக் கத்தற? உடையவா போகுது? எங்க அப்பா சீட்டு ஒட்டின கண்ணாடிக்கா.”