படி சுடாத கால்

என் வீட்டுக்காரருக்குக் கால் சுடவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தம்பட்டம் அடித்தவளும் நான்தான்.

சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குத் திருத்தணி மலைப்படியில் வெறுங்காலோடு ஏறியவர்களுக்குத் தெரியும். நான் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்து, "ஐயோ அப்பா" என்று குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தேன். அவர் நடுப்படியில், நல்ல வெயிலில், நிதானமாக ஏறினார்.

"சுடலியா?" என்று கத்தினேன்.

"இல்லியே" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. முருகன் எங்கள் வேண்டுதலுக்குக் கூலி கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

வேண்டுதல் என்னுடையது. அதற்கு நான்கு வருஷம் முன்னால் எங்கள் மகள் டெங்குக் காய்ச்சலில் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வராந்தாவில் நின்றுகொண்டு, "பிள்ளையைக் கொடுத்துடு, எங்க வீட்ல இனிமே கறி, மீன், முட்டை வாசமே வராது" என்று சொன்னேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். அவர் தன் பங்குக்கு ஒரு படி மேலே போய், "பாலும் தயிரும்கூட அபிஷேகத்துக்கே போவட்டும், எனக்கு வேணாம்" என்றார். நான் காப்பியை விடவில்லை, தயிரையும் விடவில்லை. அவர் சொன்னது சொன்னதுதான். கீரை, பருப்பு, ரசம், வரக்காப்பி. தினம் கீரை தின்கிற மனுஷனுக்கு உடம்பில் என்ன குறை வந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன்.

கால் சுடாத அந்த வருஷத்து ஆடிக் கிருத்திகைக்குச் சன்னதியில் கூட்டத்தோடு நின்றோம். அவர் கைகூப்பிக் கண்ணை மூடினார். மூடியதும் உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், "அருள் வந்துடுச்சி, வழி விடுங்க" என்றாள். யாரோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் குழந்தையை அவர் காலடியில் கிடத்தி எடுத்தாள். நானும் கும்பிட்டேன். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனை, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதவர் என்று தினமும் திட்டிய அதே வாயால், "முருகா" என்று கும்பிட்டேன்.

அதன்பிறகு எங்கள் வாசலுக்கு ஆள் வர ஆரம்பித்தது. விபூதி கேட்டு வருவார்கள். அவர் கூச்சத்தோடு கொடுப்பார். எனக்குத் தலை கனத்துப்போய்விட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் வீட்டுக்குள் நடந்தது வேறு. தெருவில் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்கு வந்துகொண்டிருப்பார். முகம் கழுவும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். நாக்கு எரிகிறது என்று ரசத்தில் மிளகு வேண்டாம் என்பார். கடைத்தெருவில் அவருக்குத் தையல் கடை. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். மோட்டார் மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, துணி ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போனது. "என்னாங்க இது?" என்றேன். "ரிப்பேரு போல" என்றார். குனிந்து பார்த்தேன். அவர் கால் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தும் சோற்றை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்த என் தம்பிதான் வாயைத் திறந்தான்.

"யக்கா, பாவா நடக்கறத பாத்தியா? குடிச்சவன் மாதிரி தடுமாறிகினு வராரு. டாக்டர்கிட்ட காட்டு."

"உன் வாயைக் கழுவுடா. அவருக்கு சாமி இருக்குது" என்றேன்.

"சாமி இருந்தா சாமி நடக்கட்டும். பாவாவுக்கு என்னாச்சின்னு நான் கேக்கறேன்."

அவனைத் துரத்தாத குறையாக அனுப்பினேன். மறுபடி ஆடி வந்து போனது. ஐப்பசியில் ஒருநாள், கத்தரி வெட்டியது தெரியாமல் விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட அவர் ஒரு ரவிக்கையை வெட்டி முடித்திருந்தார். அன்றைக்குத்தான் நானே தம்பிக்குப் போன் போட்டேன்.

தம்பி சொன்ன டாக்டர் சின்னப் பெண். ஊசியால் காலை அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். அவர் எதற்கும் அசையவில்லை. பிறகு, "ரெண்டு காலையும் சேத்து வெச்சி நில்லுங்க. இப்ப கண்ணை மூடுங்க" என்றாள்.

மூடினார். ஆடினார். சன்னதியில் ஆடிய அதே ஆட்டம், முன்னும் பின்னும். பழக்கதோஷத்தில் என் கைகள் கும்பிட எழுந்துவிட்டன. டாக்டர் பதறாமல் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கண்ணைத் திறந்து வெச்சிருந்தா பாத்துப் பாத்து நின்னுக்குவாரு. மூடினா கால் எங்க இருக்குதுன்னு உடம்புக்குத் தெரியாது. நரம்பு கெட்டிருக்குது" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் பி12 என்ற வைட்டமின் அடியோடு வற்றிப்போயிருந்தது. கறி, மீன், முட்டை, பாலில் இருப்பது. கீரையில் கிடையாதாம். உடம்பு பழைய இருப்பை வைத்துச் சில வருஷம் ஓட்டுமாம், அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாதாம்.

"அப்ப வேண்டுதல விட்டுடணுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? சைவமாவே இருக்கட்டும். இதுக்கு மாத்திரை இருக்குது. மொதல்லியே போட்டிருந்தா போதும்."

ஒரு மாத்திரை! எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டாள் டாக்டர்.

"ஒரு ஆறு மாசம் இருக்கும்ங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆவுதுங்க" என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை. "மெஷினு மிதிக்க முடியுங்களா?"

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தாள். "இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம். வர வேண்டியது வரும். ரொம்ப நாளாயிடுச்சி, எல்லாமே திரும்பிடும்னு சொல்ல முடியாதுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. "தெரிஞ்சிகினேவா இருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சீறினேன்.

"சன்னதியில எனக்கு ஒண்ணும் வரல. எங்க விழுந்துடுவனோன்னு பயந்துகினு நின்னேன். கண்ணத் தொறந்தா எல்லாரும் கும்பிட்டுகினு இருந்தாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும்தான்" என்றார்.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருப்பது தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.