ஸ்டார் அழுத்தினால் வீடு

தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்குள் செல்போன் கூடாது. மருத்துவமனைகளின் பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. யாருடைய நோய் விவரமும் வெளியே போய்விடக்கூடாது என்பதால், ரிசப்ஷன் லாக்கரில் போனைப் பூட்டிவிட்டுத்தான் மாடி ஏறவேண்டும். அங்கே நிர்வாக அதிகாரி நான். அந்த விதியைப் போட்டதும் நான்தான். முதுகுக்குப் பின்னால் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள் என்று தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. மனைவிக்குச் சொல்லவேண்டும். நம்பர் அவர் போனுக்குள், போன் லாக்கருக்குள். லாக்கரைத் திறந்தால் போனுக்கு ஒரு பூட்டு. பக்கத்து இருக்கைக்காரருக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும், வீட்டு நம்பர் மட்டும் தெரியாது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். 

மறுவாரமே டெக்னீஷியனை வரவழைத்தேன். கட்டடம் முழுவதற்குமான போன் எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கொரு ஸ்பீடு டயல் போடச் சொன்னேன். எந்த மேசையிலிருந்தும் ஸ்டார் அழுத்தி, விழுந்தவருடைய எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து அழுத்தினால் போதும், நேரே அவர் வீட்டில் மணி அடிக்கும். பிற்பாடு நம்பர் மாறினால் ரிசப்ஷன் பெண்ணே தன் மேசை போனிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

எல்லோரிடமும் நம்பர் கேட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒருவன் தன் நம்பரையே எழுதிக்கொடுத்தான். "நீ விழுந்து கெடக்கறப்ப நீயே எடுத்துப் பேசுவியா?" என்று மாடியே கேட்கும்படி கத்தினேன்.

சாயங்காலம் டெக்னீஷியன் வந்து நின்றார். "மேடம், எல்லாம் ஏத்தியாச்சு. உங்களுது மட்டும்தான் காலியா கீது. யார் நம்பர் போடட்டும்?"

"நாளைக்குத் தரேன்" என்றேன்.

அம்மா இருந்தவரை யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி கனடாவில் இருக்கிறான். எங்கள் எக்ஸ்சேஞ்சில் வெளிநாட்டுக்குப் பேசமுடியாது, அந்தப் பூட்டையும் போட்டது நான்தான். மயிலாப்பூரில் என் எதிர் ஃபிளாட்டுக்குக் குடி வருகிறவர்கள் முகம் பழகுவதற்குள் காலி செய்துவிடுகிறார்கள். டிசம்பரில் சபாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்ன ராகம் என்று சண்டை போடும் சினேகிதிகள் இரண்டு பேர் உண்டு. அவர்களிடம் போய், நான் விழுந்தால் உன்னைக் கூப்பிடலாமா என்று எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. அதைவிட, "அதுக்கென்ன" என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் ஒரு நொடி தயங்கினால் அதைப் பார்க்கவேண்டுமே என்று பயமாக இருந்தது.

மறுநாள் என் செல் நம்பரையே கொடுத்தேன். டெக்னீஷியன் என்னை ஒருமுறை பார்த்தார். அப்படியே ஏற்றிவிட்டார்.

பிறகு சோதனை. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே அழுத்தி, சும்மா டெஸ்ட் கால்தான் என்று சொல்லவேண்டும். வேலை நேரத்தில் ஆபீஸிலிருந்து போன் வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பயந்தார்கள். "யா அல்லா, புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றார் ஓர் அம்மா. மந்தைவெளியிலிருந்து ஒரு பெரியவர், "அவ ஆத்துல இல்லையே, ஆபீஸுக்குன்னா கெளம்பிப் போனா! அங்க வரலையா?" என்று பதறினார்.

ரிசப்ஷன் பெண்ணின் வீடு வடபழனியில். அவள் அம்மா கல்யாண மண்டபங்களில் சமையல் வேலைக்குப் போகிறவர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, "இன்னாமா ஆச்சு எம் பொண்ணுக்கு?" என்று அலறினார். ஒன்றுமில்லை என்றதும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லாததுக்கா போன் போட்டு வயித்தக் கலக்குற? அறிவு கீதா உனக்கு?" என்னை யாரும் அப்படித் திட்டி வெகுகாலம் ஆகிறது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அன்று முழுக்க ஊரார் வீட்டுப் பயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்கப் பொறாமையாக இருந்தது. கடைசியாக என்னுடையதை அழுத்தினேன். கீழே லாக்கருக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. என் பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

அடுத்த கோடையில் விழுந்தேன். வெறும் காபியோடு வந்தவள், மாடிப்படியில் கண் இருட்டிக்கொண்டு சரிந்துவிட்டேன். தூக்கிவந்து ரிசப்ஷன் சோபாவில் படுக்கவைத்தார்கள். ரிசப்ஷன் பெண் அவசரமாக ரிசீவரை எடுத்து ஸ்டார் அழுத்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால் என் போன் அடித்தது. மற்றவர்களெல்லாம் சைலண்டில் போட்டுவிட்டுத்தான் பூட்டுவார்கள். என்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நான் போடுவதில்லை.

அவள் திரும்பி லாக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாக ரிசீவரை வைத்தாள். மணி நின்றது.

"வேற யாருக்காச்சும் சொல்லணுமா மேடம்?"

"யாருக்கும் வேணாம். நீ உன் வேலையப் பாரு."

அவள் கொண்டுவந்த மோரைக்கூட நான் தொடவில்லை. ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உடம்புக்காக அல்ல. அவள் பார்த்துவிட்டாளே என்றுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லா நம்பரையும் சோதிக்கவேண்டும் என்பதும் என் விதிதான். இந்தத் தடவை வீடுகளுக்கு முன்னாலேயே தேதியைச் சொல்லிவிட்டேன். ஒருவரும் பயப்படவில்லை, வேலை சீக்கிரம் முடிந்தது. மறுநாள்தான் என்னுடையது பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. எடுக்க ஆளில்லாத மணிதானே என்று ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஸ்டார் அழுத்திவிட்டு, பில்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

யாரோ எடுத்தார்கள். பின்னால் பாத்திரச் சத்தம்.

"இன்னாமா ஆச்சு?" அதே குரல், அதே அலறல். "யாருக்கு? எம் பொண்ணுக்கா, மைலாப்பூர் மேடத்துக்கா?"

ரிசப்ஷன் பெண் என் நம்பரை எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"வாயத் தொறந்து சொல்லும்மா! அந்தம்மாவுக்கா? எந்த ஆஸ்பத்திரி? தோ, கெளம்பிட்டேன்."

"நான்தாம்மா பேசறேன்" என்றேன். "மயிலாப்பூர். எனக்கு ஒண்ணும் ஆகல. சும்மா டெஸ்ட் கால்தான்."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். 

"ஒண்ணும் ஆகலன்னா அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்.