பிச்சைமணியின் ஐந்து வில்லைகள்

போன மாதம் பிச்சைமணி செத்த சேதி வந்ததும், “நல்ல கைக்காரன், பாவம்” என்று குற்றாலத்தில் நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஏழு வருஷம் அவனை இலஞ்சித் தோப்புகளில் தேங்காய் உரிக்க வைத்ததே இந்த நாலு பேர்தான். அதில் நானும் ஒருத்தன்.

சீசன் நேரத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் பாறைமேல் துண்டை விரித்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் பிழைப்பு. வாயைத் திறந்தால் சண்டை. ஆனால் அவன் கை முதுகில் பட்டால் கோடீஸ்வரனும் குறட்டை விடுவான். பக்கத்திலேயே என் எண்ணெய்க்கடை. பதினோரு சீசன் என் தூக்குச்சட்டிச் சோற்றை அவனும் அவன் சோற்றை நானும் தின்றிருக்கிறோம்.

பழைய காசு சேர்க்கிற கிறுக்கு அவனுக்கு உண்டு. திருவிதாங்கூர் சக்கரக் காசோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். அவன் தெருவுக்கு சுகிர்தம் என்று ஒருத்தி திரும்பி வந்தாள். பெருவியாதி ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் இருந்து சுகமானவள். அவள்தான் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பித்தளை வில்லையை அவனிடம் கொடுத்தாள். அந்த ஆஸ்பத்திரி வேலிக்குள் நம் துட்டு செல்லாது, இந்த வில்லைதான் துட்டு. நோயாளி தொட்ட காசு வெளியே வந்துவிடக் கூடாது என்று தனியாக அடித்தார்களாம். நயா பைசா வந்ததும் எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியது கொஞ்சம்தான்.

காலணா, அரையணா, ஓரணா, நாலணா, எட்டணா என்று ஐந்து தினுசு. சுகமாகி வீடு வந்தவர்களைத் தேடித் தேடிப் போய் வாங்கினான்.

“செல்லாத துட்டுக்கு நல்ல துட்டைக் கொடுக்கியே, மண்டை கழண்டுட்டாலே உனக்கு?” என்றேன்.

“ஊரே வேண்டாம்னு ஒதுக்குன துட்டு அண்ணாச்சி. நானாவது வச்சுக்கிடுதேன்.”

“வச்சுக்கோ. வெளிய மூச்சு விட்டுராத” என்று எச்சரித்தேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடியில் எட்டணா கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் மடையனுக்குப் புத்தி கெட்டது. ஐந்தையும் பாறைமேல் வரிசையாக வைத்து, “அண்ணாச்சி, அஞ்சும் சேந்துட்டு!” என்று கத்தினான். கூடத் தொழில் செய்கிற வல்லிநாயகம் எட்டிப் பார்த்து, “என்ன காசுடே இது?” என்றான். ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான் இவன்.

பிச்சைமணியிடம் தேய்க்க உட்கார்ந்திருந்த ஆள் எண்ணெய் வழிய எழுந்து ஓடினார். வல்லிநாயகம் குதித்தான். “குஷ்டரோகி துட்டைப் பிடிச்ச கையை வச்சிக்கிட்டா எங்ககூட இருந்த? எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!” பிறகு என்னிடம் திரும்பினான். “அண்ணாச்சி, உமக்கு இது தெரியுமா?”

“எனக்கென்னடே தெரியும்!” என்றேன். என் நாக்கு அழுகியிருக்க வேண்டும், அழுகவில்லை. பிச்சைமணி என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மறுநாள் தென்காசி டாக்டரிடம் போய், நோய் ஒன்றும் கிடையாது என்று சீட்டு எழுதி வாங்கி வந்தான். அந்தச் சீட்டை வாங்கக்கூட ஒருத்தனும் கை நீட்டவில்லை.

“மொதல்ல அந்தச் சனியனைத் தூரப் போடு, பொறவு பாப்போம்” என்றான் வல்லிநாயகம்.

“எங்கன போட? அருவியிலயா?”

“ஏலே, குளிக்கிற தண்ணியிலயா போடுத?”

தோப்பில் புதைக்கலாம் என்றால் தோப்புக்காரர் கம்பெடுத்தார். போடு போடு என்று கத்த ஊரே வந்தது, போடுவதற்கு ஒரு சாண் இடம் தர ஒருத்தனும் இல்லை. வில்லைகள் அவன் மடியிலேயே கிடந்தன.

நாலு நாள் துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்தான். ஒரு ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் கடை முன்னால் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, நீங்க ஒருக்க உக்காந்து தேச்சுக்கிடுங்க. எல்லாரும் பாக்கட்டும். அது போதும் எனக்கு.”

“என் கடை வியாபாரம் படுத்துருமேலே” என்றேன்.

அவன் கையிலிருந்த எண்ணெயைத் தன் தலையிலேயே கவிழ்த்தான். தானே தேய்த்துக்கொண்டு விறுவிறுவென்று அருவிக்குள் இறங்கினான். கடையைப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஐயோ, அவன் வாரான்!” என்று யாரோ கத்த, குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறியடித்து வெளியே ஓடியது. சீசன் உச்சத்தில், பட்டப்பகலில், பெரிய அருவியில் ஒற்றை ஆளாக நின்று குளித்தான் பிச்சைமணி. எனக்கு அன்றைக்குக் குளிக்கிற எண்ணமே கிடையாது. ஆனாலும் அவன் மேல் விழுந்த தண்ணீர் காற்றில் என் பக்கம் தெறித்தபோது, நானும் நாலடி பின்னால் போய் நின்றேன்.